கண்டெடுக்கப்பட்ட பியானோ பதிவுகளை எதை வைத்து நம்புவது, எதற்காகக் கேட்பது?

கேள்வி இதுதான்: மறைந்து எழுபது வருடம் ஆகிவிட்ட பியானோ மேதைகளின் "இதுவரை வெளிவராத பதிவு" என்று அவ்வப்போது ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. இத்தனை காலம் அவை எங்கே கிடந்தன? அவர்களே வாசித்ததுதான் என்று எப்படி நம்புவது? தெளிவான ஸ்டூடியோ பதிவு இருக்கும்போது இரைச்சலும் கீறலுமான ஒன்றை எதற்குக் கேட்க வேண்டும்?

மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல பியானோ கலைஞர் தினு லிபாட்டியை விடப் பொருத்தமான ஆள் இல்லை. அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

லிபாட்டி 1917-ல் புக்கரெஸ்டில் பிறந்தவர். ருமேனியாவின் பெரிய இசைமேதை ஜார்ஜ் எனெஸ்கு அவருக்கு ஞானத்தந்தை. பாரிஸில் ஆல்ஃபிரட் கார்ட்டோவிடமும் நாடியா பூலாஞ்சேயிடமும் படித்தார். 1943-ல் நாட்டை விட்டு வெளியேறி சுவிட்சர்லாந்துக்குப் போய், ஜெனீவா இசைப் பள்ளியில் ஆசிரியரானார். அதற்குள் உடம்பு படுத்த ஆரம்பித்துவிட்டது. ஹாட்ஜ்கின் நோய், அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். 1950 டிசம்பர் 2-ம் தேதி இறந்தபோது வயது 33. கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் முறையாகப் பதிந்தது கடைசி நான்கைந்து வருடங்களில்தான். அதிலும் பாதி நாள் படுக்கை. அதனால் அவருடைய ஸ்டூடியோ பதிவுகள் அத்தனையையும் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்டு முடித்துவிடலாம். இப்படிப்பட்ட ஒருவரின் புதிய பதிவு ஒன்று கிடைத்தது என்றால் ரசிகர்கள் எப்படித் துள்ளியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960-களின் நடுவில் அப்படி ஒன்று கிடைத்தது. ஷோபானின் முதல் பியானோ கான்செர்டோ, அதாவது இசைக்குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் பெரிய படைப்பு. லிபாட்டி அதை ஸ்டூடியோவில் பதிந்ததே இல்லை. கச்சேரியில் வாசித்ததன் நாடா கிடைத்திருக்கிறது என்று சொல்லி இஎம்ஐ நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. எந்த இசைக்குழு, யார் நடத்தியது என்ற விவரம் தட்டில் இல்லை. அந்த வெற்றிடமே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். ஆனால் லிபாட்டி என்ற பெயருக்கு முன்னால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய பதினைந்து வருடம் உலகமே அதை லிபாட்டி என்று நம்பிக் கேட்டது. அவருடைய தனி அடையாளமாகச் சொல்லப்பட்ட தூய்மை, எளிமை எல்லாம் அதில் இருப்பதாக மனதாரப் பாராட்டியது.

1981-ல் பிபிசி அதை ஒலிபரப்பியபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்த வாசிப்பு வேறு ஒரு தட்டில் உள்ளது போலவே இருக்கிறதே என்று தோன்றியது. செக் நாட்டில் வெளிவந்த ஒரு பழைய தட்டு அது. வாசித்தவர் போலந்தின் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா. உடன் வாசித்தது செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, நடத்தியவர் வாக்லாவ் ஸ்மெட்டாச்செக். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் முடிந்துபோனது. ஒரே பதிவுதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் விமரிசகர்களின் காதைக் குறை சொல்வதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா 1949-ல் வார்சாவின் ஷோபான் போட்டியில் பெல்லா டேவிடோவிச்சுடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்த வாசிப்பு உண்மையிலேயே அருமையானது. பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை, பாராட்டு போய்ச் சேர வேண்டிய முகவரிதான் மாறிவிட்டது. அவர் பெயர் போட்ட உறையில் அதே வாசிப்பு இருந்தபோது இத்தனை பேர் இவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பெரிய பெயரைப் பார்த்ததும் நாம் பாதியை முன்கூட்டியே கேட்டு முடித்துவிடுகிறோம். கண்டெடுக்கப்பட்ட பதிவுகள் விஷயத்தில் முதல் ஆபத்து இது.

கதை அதோடு நிற்கவில்லை. இந்தச் செய்தி பரவியதால்தான் உண்மையான பதிவு வெளியே வந்தது. 1950 பிப்ரவரி 7-ம் தேதி சூரிச்சின் டோன்ஹால் அரங்கில் ஓட்டோ ஆக்கர்மன் நடத்த, லிபாட்டி இதே கான்செர்டோவை வாசித்திருந்தார். அந்தக் கச்சேரியின் பிரதி சுவிட்சர்லாந்தில் ஒரு இசை ரசிகரிடம் இருந்தது. ஒலித்தரம் போலிப் பதிவைவிட மோசம். இசைக்குழு எங்கோ தூரத்தில் கேட்கிறது, நாடா கரகரக்கிறது. ஆனால் இந்த முறை தேதி, அரங்கு, நடத்தியவர் எல்லாம் தெரியும். அன்றைக்கு வாசித்த ஷோபானின் சிறு பியானோ படைப்புகளான நாக்டர்ன் ஒன்றும் எட்யூட்கள் இரண்டும் கூடவே கிடைத்தன.

சரி, இவையெல்லாம் எங்கே இருந்தன என்ற கேள்விக்கு வருவோம்.

பெரும்பாலானவை வானொலி நிலையங்களில். 1930-கள், 40-களில் கச்சேரிகளை நேரடியாக ஒலிபரப்பினார்கள், மறு ஒலிபரப்புக்காகத் தட்டிலோ நாடாவிலோ எடுத்து வைத்தார்கள். வேலை முடிந்ததும் பலவற்றை அழித்தார்கள், நாடாவை மறுபடி பயன்படுத்தினார்கள். தப்பியவை தவறான தலைப்பில், தவறான அலமாரியில் தூங்கின. போர்க்கால பெர்லினில் ஜெர்மானிய வானொலிப் பொறியாளர்கள் காந்த நாடாவில் ஸ்டீரியோ முறையிலேயே பதிவு செய்து பார்த்தார்கள். உலகம் ஸ்டீரியோ இசைத்தட்டைக் காண்பதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால்! அதில் தப்பிய மிகச் சிலவற்றில் ஒன்று, வால்டர் கீசெகிங் வாசித்த பீத்தோவனின் 'எம்பரர்' கான்செர்டோ. அமைதியான இடங்களில் பின்னால் தூரத்தில் தொம்தொம் என்று கேட்கும். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் என்கிறார்கள். பியானோவின் ஒலியோ இன்றைய பதிவுக்குப் பெரிதாகக் குறையவில்லை. அந்த இரண்டும் ஒரே நாடாவில் இருப்பது முதல் முறை கேட்பவரை உலுக்கிவிடும்.

சில பதிவுகளைக் கலைஞர்களே வைத்திருந்தார்கள். விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1940-களின் நடுவிலிருந்து கார்னகி ஹாலில் தான் வாசித்த கச்சேரிகளைத் தன் சொந்த உபயோகத்துக்காகத் தட்டுகளில் பதிய வைத்தார். அவை பிற்காலத்தில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தன. ஸ்டூடியோவில் வாசித்த அதே முசோர்க்ஸ்கி, அதே லிஸ்ட், ஆனால் முன்னால் இரண்டாயிரத்துக்கும் மேல் ஜனம் உட்கார்ந்திருக்கிறது என்ற சூடு அதில் தனியாகத் தெரியும்.

வீடுகளில் கிடந்தவைதான் என்னை அதிகம் ஈர்ப்பவை. ராக்மனினாஃப் தன் கச்சேரியை வானொலியில் ஒலிபரப்ப ஒருபோதும் சம்மதிக்கவில்லை. அதனால் அவர் மேடையில் எப்படி வாசித்தார் என்பதற்கு நம்மிடம் பதிவு ஏறக்குறைய இல்லை, பெரும்பாலும் ஸ்டூடியோத் தட்டுகள்தான். 1940 டிசம்பரில், தன் கடைசிப் பெரிய படைப்பான 'சிம்ஃபொனிக் டான்ஸஸ்' அரங்கேறச் சில வாரமே இருந்த நேரம். அதை நடத்தப்போகும் யூஜின் ஆர்மண்டிக்கு அது எப்படிப் போக வேண்டும் என்று பியானோவில் வாசித்துக் காட்டினார். அதை யாரோ தட்டில் பதிந்துவிட்டார்கள். ஆர்மண்டியின் பொருட்களோடு அந்தத் தட்டுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 2018-ல்தான் மார்ஸ்டன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன. வரிசையாக வாசிக்கவில்லை அவர். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார், பத்து விரல் போதாத இடத்தில் குரலால் இழுத்துப் பாடுகிறார், தாளத்தைத் தள்ளுகிறார், பிடித்து நிறுத்துகிறார். ஒரு முழு இசைக்குழுவை மனதுக்குள் கேட்டுக்கொண்டே ஒரு மனிதன் வாசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவருடைய ஸ்டூடியோ வாசிப்பை மட்டும் கேட்டு, கறாரான, இறுகிய மனிதர் என்று நினைத்திருப்பவர்கள் அவசியம் இதைக் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், மாஸ்கோவில் ஜூலியஸ் பிளாக் என்ற வணிகர் எடிசனின் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வந்து 1889 முதல் மெழுகு உருளைகளில் பதிந்தவை இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அழிந்தே போய்விட்டன என்று நம்பப்பட்டவை. பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காப்பகம் ஒன்றில் கிடைத்தன. அரென்ஸ்கி, தனேயெவ் போன்ற ரஷ்ய இசையமைப்பாளர்கள் பியானோ வாசிப்பதை அதில் கேட்கலாம். சத்தம் என்னவோ அடைமழைக்கு நடுவே கேட்பது போலத்தான் இருக்கும்.

அடுத்து, நம்பகத்தன்மை. காதை மட்டும் நம்பாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. லிபாட்டி விஷயத்தில் பார்த்தோமே. நான் முதலில் பார்ப்பது காகிதத்தை. கச்சேரி அன்று நடந்ததா, நிகழ்ச்சி நிரல் இருக்கிறதா, வானொலியின் ஒலிபரப்புப் பட்டியலில் அந்த நேரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது, தட்டின் நடுவில் கையால் எழுதிய தேதியும் அதுவும் ஒத்துப்போகிறதா, அன்றைக்குப் பிறகு இந்தப் பிரதி யார் யார் கையில் இருந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கேள்வி கேட்க வேண்டும். அறிவிப்பாளரின் குரல் பதிவில் இருந்தால் பெரிய பாக்கியம்.

அப்புறம் பதிவுக்குள்ளேயே இருக்கும் தடயங்கள். மின்சாரத்தின் ரீங்காரம் மின்கருவியால் எடுத்த பழைய பதிவுகள் பலவற்றில் மெலிதாக ஒட்டியிருக்கும். ஐரோப்பாவில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. சூரிச் கச்சேரி என்று சொல்லப்படும் நாடாவில் 60 மட்டும் கேட்டால், குறைந்தபட்சம் அது அமெரிக்காவில் எடுத்த பிரதி என்றாவது தெரிந்துகொள்ளலாம். அதே ரீங்காரம் வேகத்தையும் காட்டிக்கொடுக்கும். 50 இருக்க வேண்டிய இடத்தில் 53 இருந்தால் நாடா 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பியானோவில் 6 சதவீதம் என்றால் ஏறக்குறைய அரை சுரம் உயர்ந்துவிடும். இ மைனரில் எழுதிய கான்செர்டோ எஃப் மைனரில் கேட்கும், கலைஞரும் அசாத்திய வேகக்காரராகத் தெரிவார். "என்ன வேகம்!" என்று நாம் வியந்த சில பழைய வாசிப்புகளில் அந்த வேகத்தில் ஒரு பங்கு மோட்டாருடையது.

இதைவிட உறுதியான சோதனை, தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் (இசைத்தட்டைச் சொல்லவில்லை) நேரத்தை அளப்பது. போலந்து நடன வடிவில் அமைந்த ஷோபானின் மசூர்க்கா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டுத் தாளம். ஆனால் எந்தக் கலைஞரும் மூன்றையும் சமமாக வாசிப்பதில்லை. ஒருவர் இரண்டாவதில் சற்றுச் சாய்வார், இன்னொருவர் மூன்றாவதை நீட்டி அடுத்த முதல் தட்டில் சட்டென்று விழுவார். இசை ஏற இறங்க இந்த நீளங்களும் மாறிக்கொண்டே போகும். பாட்டு முழுக்க ஒவ்வொரு தட்டும் எத்தனை மில்லிவினாடி என்று கோட்டு வரைபடமாகக் குறித்தால், அது கைரேகை மாதிரி. அதே கலைஞர் அதே அறையில் மறுநாள் வாசித்தாலும் அப்படியே வராது. ஆகவே இரண்டு பதிவுகளின் கோடுகள் முழுக்க ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால், அவை ஒரே வாசிப்பின் இரண்டு பிரதிகள்.

ஜாய்ஸ் ஹாட்டோ மோசடி வெளிப்பட்டதில் இந்தச் சோதனைக்கும் பங்கு உண்டு. பல வருடம் மேடையேறாத அந்த இங்கிலாந்துப் பியானோ கலைஞரின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வந்து, மறைந்திருந்த மேதை என்று கொண்டாடப்பட்டார். 2007-ல் ஒருவர் அவருடைய லிஸ்ட் தகட்டைக் கணினியில் போட்டதும், மென்பொருள் அதை லாஸ்லோ சைமன் என்ற வேறொருவரின் தகடாக அடையாளம் காட்டியது. ஏறக்குறைய அதே சமயம், மசூர்க்காக்களைத் தாளத் தட்டுதட்டாக அளந்துகொண்டிருந்த இங்கிலாந்து ஆய்வாளர்கள், ஹாட்டோவின் கோடும் யூஜின் இந்திச்சின் கோடும் ஒன்றாக இருப்பதைத் தற்செயலாகக் கண்டார்கள். பிறகு அவர் கணவரே ஒப்புக்கொண்டார். 1960-களில் இந்தக் கருவி இருந்திருந்தால், போலி லிபாட்டி ஒரு மத்தியான வேளைகூடத் தாங்கியிருக்காது. ஆனால் ஒன்று: ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவு கையில் இருந்தால்தான் இந்தச் சோதனை வேலை செய்யும். தனியாக நிற்கும் ஒரு நாடாவுக்கு மறுபடியும் காகிதம்தான் கதி.

பழைய தட்டிலிருந்து ஒலியை மீட்டெடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கேட்பதில் பாதி அதைச் செய்தவரின் கையில் இருக்கிறது. வானொலியிலும் வீடுகளிலும் நேரடியாகப் பதியப் பயன்பட்டவை லாக்கர் தட்டுகள். அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடி மேல் பூசினார்கள். கைதவறினால் போயிற்று. காலப்போக்கில் பூச்சு சுருங்கும், வெள்ளைப் பொடி பூக்கும், கடைசியில் தகட்டிலிருந்து உரிந்துவிடும். அதனால் சில தட்டுகளை ஒரே ஒரு முறைதான் ஓட்ட முடியும். அந்த ஒரு முறைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும், ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு ஓடிய ஊசிகள் பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். சற்றுத் தடித்த அல்லது மெலிந்த ஊசியைப் போட்டால் அது தேயாத பகுதியைத் தொடும், ஒலி திடீரென்று திறந்துகொள்ளும். இரண்டு ஊசியிலும் ஒரே தட்டைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

அதன் பிறகு கணினி. இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். மற்ற வாத்தியங்களைவிட பியானோவைச் சுத்தம் செய்வது கடினம். சுத்தியல் கம்பியில் விழும் அந்தக் கணம், மென்பொருளின் பார்வையில் கீறலின் சொடுக்கு போலவே இருக்கும். சொடுக்கை நீக்கச் சொன்னால் சுத்தியலின் முனையையும் மழுக்கிவிடும். சுரம் மெல்லத் தேய்ந்து மறையும் வால் பகுதியோ இரைச்சலுக்குள் கரைகிறது. இரைச்சலைத் துடைத்தால் வாலும் போய்விடும். கட்டையை விட்டபின் அறையில் என்ன மிஞ்சுகிறது, பெடலை எப்போது எடுத்தார், இதெல்லாம் அந்த வாலில்தான் இருக்கிறது. லிபாட்டி போன்றவரிடம் அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரே பதிவு இரண்டு விதமாக மீட்கப்பட்டுக் கிடைத்தால், இரைச்சல் கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு நிமிடம் சிரமமாக இருக்கும். பிறகு காது இரைச்சலை ஒதுக்கிவிட்டு பியானோவை மட்டும் பிடித்துக்கொள்ளும். மென்பொருளைவிட நம் காது இந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

இனி கடைசிக் கேள்வி: இவற்றால் என்ன லாபம்? லிபாட்டி விஷயத்தில் லாபம் மிகப் பெரியது. அவர் இறந்தபின் அவரைச் சுற்றி ஒரு புனிதர் பிம்பம் எழுந்துவிட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. 1950 கோடையில் கார்ட்டிசோன் மருந்து கொடுத்த சில வாரத் தெம்பில், தயாரிப்பாளர் வால்டர் லெக் குழுவோடு ஜெனீவாவுக்கே வந்து பதிந்தவை பாக், மொஸார்ட், ஷோபானின் வால்ட்ஸ்கள். செப்டம்பர் 16-ல் பிரான்சின் பெசான்சோனில் கடைசிக் கச்சேரி. 14 வால்ட்ஸ்களில் 13 வாசித்து, கடைசி ஒன்றுக்கு உடம்பில் தெம்பில்லாமல் நிறுத்தினார். அந்தப் பதிவைக் கேட்கும் யாருக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். ஆனால் இவற்றை மட்டும் கேட்டு, லிபாட்டி என்றால் மென்மையானவர், நோயாளி, இந்த உலகத்தைச் சேராதவர் என்று முடிவுகட்டிவிட்டோம்.

பிற்பாடு வானொலிக் காப்பகங்களிலிருந்து வந்தவை வேறு மனிதரைக் காட்டுகின்றன. 1947-ல் சுவிஸ் நடத்துனர் ஆன்செர்மே நடத்த அவர் வாசித்த லிஸ்டின் முதல் கான்செர்டோவைக் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் எண்மத் (ஆக்டேவ்) தாவல்களை இரும்பு போல அடிக்கிறார், கூடவே அவசரம் துளியும் இல்லை. 1948-ல் நடத்துனர் பவுல் சாக்கரோடு வாசித்த பார்டோக்கின் மூன்றாவது கான்செர்டோ, எழுதி மூன்றே வருடமான படைப்பு. இறந்தகாலத்தின் இசைக்குள் ஒடுங்கிய ஒருவர் செய்கிற வேலையா இது? 1943-ல் புக்கரெஸ்டில் எனெஸ்குவே வயலின் வாசிக்க, எனெஸ்குவின் சொனாட்டாக்களுக்கு லிபாட்டி உடன் வாசித்த பதிவில், நாட்டுப்புறச் சிற்றசைவுகளை இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்குவது போல மாற்றிக்கொள்வதைக் கேட்கலாம். அதில் நோயாளியும் இல்லை, புனிதரும் இல்லை. வாத்தியத்தின் மேல் முழு ஆதிக்கம் உள்ள, துணிச்சலான ஒரு இளைஞர் இருக்கிறார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை: முதலில் 1947-ல் லண்டனில் ஸ்டூடியோவில் பதிந்த ஷோபானின் பி மைனர் சொனாட்டா. அவருடைய ஒலி எப்படிப்பட்டது என்று காதுக்குப் பழகிவிடும். அடுத்து சூரிச்சின் 1950 கான்செர்டோ. அது முடிந்ததும், செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் பதிவை அவர் பெயரிலேயே தேடி எடுத்து, இரண்டாம் பகுதியை மட்டுமாவது அடுத்தடுத்துக் கேளுங்கள். மெதுவான அந்தப் பகுதியில் பியானோ உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் முதல் வாக்கியத்தை எங்கே மூச்சு விட்டு உடைக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும், இருவரும் தனித்தனி மனிதர்களாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள். லிஸ்ட், பார்டோக், எனெஸ்கு எல்லாம் அதற்குப் பிறகு.